கழுத்தில் கிடந்த ஒயர்

போர்டில் பச்சை விளக்கு சிமிட்டியது. சிமிட்டக் கூடாது.

ஞானசெல்வி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒயர் அங்கேதான் தொங்கியது. கூடலூரில் குடும்பத்து ஏலக்காய் ஸ்டோரில், காயவைக்கும் அறைக்கு அவளே வைத்த சட்டம் அது. ஹீட்டரையும் கதவுப் பூட்டையும் ஆட்டிவைக்கும் போர்டு, சுவருக்குள் கனத்த கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அது கேட்கவும் இது பதில் சொல்லவும் நடுவில் இருக்கும் ஒயரை, உள்ளே போகிறவர் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போது வெளியிலிருந்து எந்தக் கட்டளையும் போர்டுக்கு வராது, விளக்கும் சிமிட்டாது. ஏலக்காயின் காரமான வாசனை தொண்டையை அடைக்க, ஞாயிற்றுக்கிழமை மதியத்தின் வெறுமையில் குமுளிக்கு ஏறும் ஜீப்பின் முனகல் எங்கோ தேய்ந்து மறைய, அவள் கண்ணாடிக்குள் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தாள்.

கதவு: பூட்டு.
சரி.

முதுகுக்குப் பின்னால் பூட்டு விழுந்தது.

இன்னொரு ஒயர். இந்தக் கட்டளைகளை அவள் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒருவனுக்குத்தான்.

"ஜெபராஜண்ணே! உள்ள நான் இருக்கேன்! கதவத் தொறங்கண்ணே!"

"தெரியும்த்தா," என்றது கதவுக்கு வெளியே அண்ணனின் குரல். "நேத்தே கையெழுத்துப் போட்டிருக்கலாம்ல. ஸ்டோரை விக்கவிடாம நீ ஒருத்திதான குறுக்க நிக்கிற."

காலையில்தான் சர்ச்சில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். அவளுக்குப் பயத்தைவிட முதலில் அவமானமாக இருந்தது. போனையும் அவனிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

ஹீட்டர் உறுமியது. பரவாயில்லை, ஆள் இருந்தால் சூடு நாற்பதைத் தாண்டாது. அதற்காகத்தான் போன வாரம் உடம்புச் சூட்டைக் கண்டுபிடிக்கும் சென்சாரைக் கூரையில் மாட்டினாள்.

ஆள்?
1.

நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியே இருந்து கேள்வி வந்தது. போர்டு உண்மையைச் சொன்னது. அறையின் சூடு முப்பத்து நான்கு. கையை ஆட்டி ஆட்டித் தன்னைக் காட்டினாள். முப்பத்தாறு. அப்போதுதான் உறைத்தது. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக அசைவதைத்தான் சென்சார் ஆள் என்கிறது. அறையும் அவளும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால்?

முப்பத்தேழு.

ஆள்?

ஆடினாள். குதித்தாள். கூரையைப் பார்த்து அலறினாள்.

0.

"இருக்கேன்! இங்கன இருக்கேண்ணே!"

"கத்தாத செல்வி. ஆளு இல்லன்னு நீ செஞ்ச போர்டே சொல்லிருச்சு."

சூடு: 60.
சரி.

கண்ணாடியில் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் ஒட்டியிருந்தன. விரல்களுக்கு நடுவே அடுத்த கேள்வி வந்தது.

ஆள்?
0.