கட்டிக்குப் பெயர்

காலையில் பார்த்த இடத்தில் கட்டி இல்லை.

டொக்டர் தர்மிளா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணினியில் இருந்த மூளை ஸ்கேன் படத்தை மறுபடி பார்த்தாள். கொஸ்லந்தப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை சிவசக்தி. ஆறு வயது, ஒரு மாதமாக வாந்தி, நடந்தால் தள்ளாட்டம். காலையில் அவளுடைய சிறுமூளையின் ஓரத்தில் ஒரு நீர்ப்பையும் அதன் சுவரில் சின்ன முடிச்சும்தான் இருந்தன, வெட்டியெடுத்தால் பிள்ளை பிழைத்துவிடும் வகை. இப்போது, பதுளை மலைகளை மூடிய பனி திரைச்சீலைக்கு வெளியே நின்றிருக்க, ஏசி இரைச்சலும் ஸ்பிரிட் வாடையும் நிறைந்த அந்த அறையில், கட்டி நட்டநடுவில் திண்ணென்று உட்கார்ந்திருந்தது. முதுகுத்தண்டு வரை பரவும் பொல்லாத வகை அப்படித்தான் இருக்கும்.

"பஸீல், திரும்ப ஸ்கேன் எடுத்தனீங்களோ?"

"இல்ல டொக்டர், ஒருக்காத்தான் எடுத்த" என்றான் ஸ்கேன் எடுக்கும் பஸீல்.

நான்தான் பிழையாகப் பார்த்தேனோ? அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வாசலில் பிள்ளையின் அப்பா ரெங்கசாமி நின்றார். மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, எங்க லயத்து வீடுகள்ல சீக்குக்குப் பேரு சொல்ல மாட்டோம்ங்க. சொன்னா அது தங்கிரும்."

"பேர் தெரியாமல் கொழும்பில ஒப்பரேஷன் செய்யமாட்டினம், ஐயா. நாலு மணிக்குள்ள ரிப்போர்ட் அனுப்பவேணும்."

"எழுதிக்கங்க. வாயால மட்டும் சொல்லிராதீங்க."

தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். கட்டி மறுபடி மாறியிருந்தது. மூளையின் அடியில் உள்ள துவாரங்களின் வழியே மெழுகுபோல் கீழே வழிந்திருந்தது. இது மூன்றாவது வகை. எடுத்து ஆறு மணிநேரமான படம். அது அசைய முடியாது.

மணி மூன்று ஐம்பது.

பயமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. நடுவுக்கு வந்தது. இறுகியது. நின்றது.

பொல்லாத வகைதான். அதன் பெயரைத் தட்டச்சு செய்தாள். எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பது அவளுடைய பதினோரு வருடப் பழக்கம். உதடு தானாகவே அசைந்தது.

"மெடுலோபிளாஸ்டோமா."

தோளில் கிடந்த பிள்ளை தலையை நிமிர்த்தியது.

அப்பாவின் கையிலிருந்து வழுக்கி இறங்கியது. நேராக நடந்து வந்தது. ஒரு தள்ளாட்டம் இல்லை. தர்மிளாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தது.

"கூப்பிட்டீங்களா?"

"சக்தி" என்றார் ரெங்கசாமி. "சிவசக்தி, அப்பாகிட்ட வாம்மா."

பிள்ளை திரும்பவில்லை. அவர் கைகளை நீட்டியபடி மறுபடியும் மறுபடியும் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அது யாருடைய பெயர் என்று தெரியாததுபோல், பிள்ளை தர்மிளாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டு நின்றது.