இடது பக்கம் சாய்ந்த வண்டி

அந்தக் குதிரை வண்டி எங்கள் பட்டறையில் வந்து இறங்கியபோதே இடது பக்கம் சாய்ந்துதான் இருந்தது. லாரியிலிருந்து பலகை போட்டு உருட்டி இறக்கி, தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகும் அதே சாய்வு. குனிந்து பார்த்தேன். பெட்டி மாதிரி மூடிய வண்டிக் கூட்டைத் தாங்குகிற பட்டை ஸ்பிரிங், வலது பக்கம் நன்றாக நிமிர்ந்து நின்றது. இடது பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து கிடந்தது. பழைய இரும்பு, அலுத்துப் போயிருக்கும். துரு எடுத்து எண்ணெய் விட்டால் நிமிர்ந்துவிடும் என்று மனைவியிடம் சொன்னேன்.

“இத்தனை வருஷமா உங்க கூனையே என்னால நிமிர்த்த முடியல. இத நீங்க நிமிர்த்தப் போறீங்களா?” என்றாள்.

பழைய குதிரை வண்டிகளைப் பழையபடி ஆக்கித் தருவதுதான் எங்கள் பிழைப்பு. இரும்பு என் பொறுப்பு, வண்ணம் அவள் பொறுப்பு. தகரக்கூரை போட்ட நீளமான பட்டறை. உள்ளே எந்நேரமும் டர்பன்டைன் வாடையும் சூடான இரும்பின் வாடையும் கலந்து கிடக்கும். பிள்ளைகுட்டி இல்லை. பகல் முழுக்க ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்துக்கொண்டே வேலை செய்வோம். அவள் பேச்சு நின்றால் எனக்குச் சுத்தியல் ஓடாது.

வண்டியை அனுப்பியது ஓர் அருங்காட்சியகம். அங்கே வாகனங்களைக் கவனிக்கிற அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் ஒரிஜினல் மேடம். மூச்சுக்கு முந்நூறு தடவை அந்த வார்த்தையைச் சொல்வார். வண்டியை முதன்முதலில் செய்தபோது என்ன இருந்ததோ அது மட்டும்தான் இருக்க வேண்டும். பிற்பாடு யார் எதைச் சேர்த்திருந்தாலும் எடுத்துவிட வேண்டும். குறை சொல்ல முடியாது, எங்கள் தொழிலும் அப்படித்தான்.

மனைவி இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். மெல்லிய பிளேடால் உள்ளங்கை அகலத்துக்கு வண்ணத்தைச் சுரண்டி, ஒவ்வொரு பூச்சையும் படிக்கட்டு மாதிரி கொஞ்சம் கொஞ்சம் விட்டுவைத்து அடிவரை போவாள். மேலே வெள்ளை. அதன் கீழ் பச்சை. அப்புறம் கறுப்பு. மறுபடி கறுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் கருநீலம், அதில் தங்க நிறத்தில் ஒரு மெல்லிய கோடு. முதல் கோட்டைக் கண்டதும் அவள் சந்தோஷத்தில் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

மறுநாள் காலையில் கூப்பிட்டபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

“இங்க பாருங்க. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல இடுக்கு இருக்கணுமில்ல? இந்தக் கதவுல பெயின்ட் இடுக்கு மேலயே ஓடுது.”

“எவனோ சோம்பேறி பெயின்டர்.”

“மேல இருக்கிற நாலு பூச்சும் அப்படித்தான் ஓடுது. நாலு பேருமா சோம்பேறி? அந்தப் பக்கக் கதவுல இடுக்கு சுத்தமா இருக்கே.”

அவள் சொல்ல வந்தது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. இந்த வண்டி எத்தனையோ கை மாறியிருக்கிறது. ஒவ்வொருவரும் புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். ஒருவர்கூட இந்த இடது கதவைத் திறக்கவில்லை.

பூச்சு முழுக்க உரிந்து வந்ததும் காரணம் தெரிந்தது. கதவின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை. இரண்டு பக்கமும் தடித்த ஆணிகள், யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று தலையைத் தட்டையாக அடித்திருந்தார்கள். நல்ல வேலைக்காரன் செய்த வேலை இல்லை அது. அவசரத்தில், கைக்குக் கிடைத்த இரும்பைக் கொண்டு, பயந்த ஒருவன் அடித்தது. அடி தவறிய தடங்கள் மரம் முழுக்க இருந்தன.

வலது கதவு வழியாக உள்ளே ஏறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெடித்துப்போன தோல் இருக்கை, பூட்டிவைத்த அலமாரியில் ஈரத்துணி கிடந்த மாதிரி ஒரு வாடை. எல்லா இரும்பிலும் துரு பூத்திருந்தது. இடது கதவின் உட்புறக் கைப்பிடியைத் தவிர.

அந்தக் கைப்பிடி பளபளத்தது. தினமும் கை படுகிற இரும்புதான் அப்படி இருக்கும். தேய்ந்து தேய்ந்து நடுவில் மெலிந்துபோயிருந்தது.

மனைவியிடம் சொல்லவில்லை. அவளே அதைப் பார்த்துவிட்டாள்.

ஒரிஜினல் மேடம் வந்து பார்த்தார். பட்டையின் விளிம்பில் பிளேடை வைத்து, அதன் அடியிலும் தங்கக்கோடு ஓடுவதைக் கண்டுபிடித்தார். “பாருங்க, கோடு போட்டதுக்கு அப்புறம் அடிச்சது இது. ஒரிஜினல் இல்ல. எடுத்துடுங்க.”

“இத்தனை பேர் மூடி வச்சிருக்காங்க மேடம்,” என்றாள் மனைவி.

“அதைத்தானேம்மா நாம எடுக்கிறோம்?”

அவர் போனதும் உளியை எடுத்தேன். மனைவி சுவரோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். “என்ன, பேய் பிசாசு வந்து உன்னைத் தூக்கிட்டுப் போயிடுமா?” என்று கேலி செய்தேன். என் கேலி எனக்கே ரசிக்கவில்லை. கடைசி ஆணியின் தலை தெறித்து விழுந்தது. பட்டை தரையில் மோதி ஒலித்தது.

நான் தொடவில்லை. கதவு தானாகத் திறந்தது.

வண்டி ஒரு முறை முனகியது.

இடது பக்கத்து ஸ்பிரிங் மெல்ல, மிக மெல்ல, மேலே எழும்பியது. வண்டியிலிருந்து ஆள் இறங்கும்போது எழும்புமே, அந்த மாதிரி. வண்டி நேராக நின்றது.

“சொன்னேன்ல, நிமிர்ந்திடுச்சு பாரு,” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், தன்னை அறியாமல் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் நகர்ந்து இடம் விடுவாள். கதவைத் திறந்து உள்ளே வந்தபின் இன்னும் ஓர் ஆள் வருகிற நேரம் வரைக்கும் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஏன் என்று கேட்டால் விழிப்பாள். பிறகு இடது தோள் வலி என்றாள். டாக்டர் தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்தது, வலி தீரவில்லை. தோள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தாழ்ந்துகொண்டே வந்தது. இடது கையால் ஒரு டப்பாவைக்கூடத் தூக்க முடியவில்லை. வாயும் குறைந்துபோயிற்று. நான் எவ்வளவு வம்பிழுத்தாலும் ஒரு வார்த்தை திரும்பி வராது. பட்டறையில் என் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மத்தியானம், வேலைக்கு நடுவில், பிளேடைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

“பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க தூங்கி நம்ம தோள்ல விழுவாங்கல்ல? அப்படி இருக்குங்க. எந்நேரமும்.”

“யாரு?”

“தெரியல. திரும்பிப் பார்க்க பயமா இருக்கு. எத்தனை வருஷம் தனியா உட்கார்ந்திருந்துச்சோ.” அவள் கண்ணில் நீர் நின்றது. “நாளுக்கு நாள் கனம் கூடுதுங்க. என்னால தாங்க முடியல.”

என் பெண்டாட்டியை என் கண் முன்னால் ஒன்று அழுத்திக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்துவிட்டவன் நான். அதை மறுபடி வண்டிக்குள் எப்படி ஏற்றுவது என்று மட்டும்தான் யோசித்தேன். பழைய பட்டையைச் சூடாக்கி நிமிர்த்தினேன். ஆணிக்குப் பதிலாகப் பெரிய திருகாணிகள் தேடி எடுத்தேன். கதவின் பூட்டு சரியில்லை, வழியில் திறந்துகொள்ளும், கொண்டுபோய்ச் சேர்த்தபின் பட்டையைக் கழற்றலாம் என்று மேடத்திடம் போனில் அளந்தேன். அப்புறம் எந்தச் சாக்கைச் சொல்லிக் கழற்றவிடாமல் செய்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

லாரி வரவேண்டிய நாள். காலையிலிருந்தே மழைக்கு மூட்டம் போட்டு, பட்டறைக்குள் பகலிலேயே இருட்டு. வண்டியின் கருநீலத்தில் தங்கக்கோடு மட்டும் தெரிந்தது.

மனைவி இடது கதவு வழியாக ஏறினாள். ஒருவர் ஏறுகிறபோது தாழ்வதைவிட வண்டி கூடுதலாகத் தாழ்ந்தது. கதவோரம் இடம் விட்டு, நடுவில் உட்கார்ந்தாள். நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். சுற்றி வந்து வலது கதவருகே நின்றேன்.

காத்திருந்தோம்.

தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

“தூங்கிடுச்சா?” என்று கிசுகிசுத்தேன்.

“இன்னும் இல்ல.”

உள்ளே அவள் மூச்சு கேட்டது. அதோடு சேர்ந்து இன்னொன்றும் கேட்டது. முதலில் ஒழுங்கில்லாமல், பிறகு நீளமாக, நிதானமாக.

“ம்,” என்றாள் அவள்.

தூங்குகிற குழந்தையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுகிற மாதிரிதான் செய்ய வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். அவள் தன் சால்வையை மெல்ல எடுத்து, மடித்து, தோளுக்குப் பக்கத்தில் கொடுத்தாள். அணு அணுவாக நகர்ந்தாள். சால்வையின் நடுவில் ஒரு குழி விழுந்தது. அதன் மேல் யாரும் இல்லை.

“வா,” என்றேன்.

“பாவமா இருக்குங்க.”

“வா சொல்றேன்.”

என் கண் அந்தக் குழியை விட்டு நகரவில்லை. கையை மட்டும் இருட்டுக்குள் நீட்டினேன். ஒரு கை வந்து பற்றியது. சில்லென்றிருந்தது. இழுத்து இறக்கினேன், வலது கதவைச் சாத்தி வெளிப்பக்கம் தாழ் போட்டேன், இடது பக்கம் ஓடினேன்.

பட்டையை வைத்தேன். முதல் திருகாணி இறங்கியது. இரண்டாவது.

“என்னங்க.”

“இரு, இதோ முடிஞ்சிடுச்சு.”

மூன்றாவது. மழை வலுத்துக் கொட்டியது.

“என்னங்க!”

“இரும்மா, ஏன் பறக்கிற?”

கடைசித் திருகாணியை உடம்பின் பலமெல்லாம் கொடுத்து முறுக்கிவிட்டுத்தான் திரும்பினேன். அவள் சுவரோரம், தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு தோளும் சமமாக இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“எதுக்குக் கூப்பிட்ட?”

“நான் கூப்பிடலையே,” என்று சிரித்தாள்.

மழைச் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. இடது ஸ்பிரிங் தாழ்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். தாழ்ந்திருந்தது. நல்லது, ஏறிவிட்டது. எத்தனை விரல் என்று வைத்துப் பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

மழை விட்டதும் லாரிக்காரர்கள் வந்தார்கள். வந்து இறக்கிய அதே ஆட்கள். பலகையில் வண்டியைத் தள்ளி ஏற்றுவதற்குள் அவர்களுக்கு மூச்சு வாங்கியது.

“உள்ள என்னண்ணே வச்சிருக்கீங்க? வரும்போது இந்தக் கனம் இல்லையே?” என்றார் ஒருவர்.

“இரும்பு வேலை கொஞ்சம் கூடியிருக்கு,” என்றேன்.

லாரி சாலையில் ஏறி மறைந்தது. எனக்குத் தோளிலிருந்த மூட்டையை இறக்கினாற்போல இருந்தது. பட்டறையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். அது ஓட்டை ஸ்கூட்டர். பின்னால் அவள் ஏறினால் கிறீச்சென்று தாழும். “மூட்டை ஏறியாச்சா?” என்று கேட்பேன், முதுகில் ஒரு குத்து விழும். கல்யாணமான நாளிலிருந்து இது மாறியதில்லை.

“மூட்டை ஏறியாச்சா?”

“ஏறியாச்சுங்க.”

குத்து விழவில்லை.

கிறீச்சென்ற சத்தமும் இல்லை. ஸ்கூட்டர் தாழவில்லை. என் இடுப்பை இரண்டு கைகள் சுற்றியிருந்தன. கண்ணாடியில் என் மனைவியின் முகம் தெரிந்தது. பின் சக்கரத்தின் மேல் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை என்று அந்த ஸ்பிரிங் சொன்னது.

மழைக்குள் இரண்டு தடவை என்னைக் கூப்பிட்ட குரல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஸ்கூட்டரை லாரி போன பக்கம் திருப்பினேன்.

“வீடு அந்தப் பக்கம் இல்லையே,” என்றது காதருகே ஒரு கிசுகிசுப்பு.

ஆக்சிலேட்டரை முறுக்க முடிந்த மட்டும் முறுக்கினேன். ஈரச் சாலையில் லாரியின் சக்கரத் தடம் இன்னும் அழியாமல் இருந்தது. தூரத்தில் அதன் சிவப்பு விளக்கு தெரிகிற மாதிரி இருந்தது.

முதுகுக்குப் பின்னால் மூச்சு நீளமாயிற்று. நிதானமாயிற்று.

பிறகு என் இடது தோளில் ஒரு தலை சாய்ந்தது.

அதற்குக் கனம் இருந்தது.