தேய்மானம்

ஏழாவது ஃப்ரெட் நேற்றைவிட உயர்ந்திருந்தது.

கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி அது. வாசிக்க வாசிக்கத் தேயும், வளராது. அவள் அளவியைத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே எண். நோட்டைப் புரட்டினாள். ஒன்பது நாட்களாக எல்லா ஃப்ரெட்டுகளும் மயிரிழை மயிரிழையாக ஏறியிருந்தன.

அறுபது வருடப் பழைய எலெக்ட்ரிக் கிதார். அதை வாசித்த மேதை எப்போதோ இறந்துவிட்டார். அவர் கை உரசி உரசி வார்னிஷ் போன இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் மரம் தெரியும்; வியர்வையும் புகையிலையும் கலந்த ஒரு வாடை இன்னும் அதில் ஒட்டியிருந்தது. சேகரிப்பாளர் ஒருவர் அவளிடம் பழுது பார்க்கக் கொடுத்திருந்தார். அவள் தம்பிக்கு அந்த மேதை என்றால் உயிர். அவர் தந்தியை வளைத்து இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் அவனுக்கு மனப்பாடம். புதுத் தந்தி படியும்வரை தினமும் யாராவது வாசிக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கம். அவள்தான் அவனை உட்கார வைத்தாள்.

நேற்று அவன் செல்போன் அவன் விரல் ரேகையை ஏற்கவில்லை. "என் போனே என்னை யாருன்னு கேக்குதுக்கா" என்றான். இருவரும் சிரித்தார்கள்.

இப்போது பார்த்தாள். வெறும் மரம் ஒரு நாணயம் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

கிதாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். இன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள். மதிய வெயில். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

உள்ளேயிருந்து அந்த இழுப்பு கேட்டது. நீளமாக, அழுவதுபோல்.

பெட்டியின் பூட்டு உடைந்து கிடந்தது. தம்பியின் அறை உள்ளே தாழிட்டிருந்தது.

"கையை எடுடா."

"வலிக்கவே இல்லக்கா. இன்னும் கொஞ்சம்தான்."

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். எடுத்துடுடா."

இழுப்பு நீண்டது. தோளால் மோதினாள். மறுபடி மோதினாள். தாழ் பெயர்ந்தது.

ஆம்ப்ளிஃபையர் அணைந்திருந்தது. கிதாரின் கழுத்தைப் பற்றி இழுத்தாள். உடனே வந்துவிட்டது. பிடித்து வைத்துக்கொள்ள அவனுக்கு விரல்கள் இல்லை. இடது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. வழவழவென்று. ரத்தம் இல்லை. கண்களை மூடி, காற்றில் அந்தக் கையை அசைத்துக்கொண்டிருந்தான்.

சத்தம் நிற்கவில்லை.

அவள் கையில் கிதார். ஃப்ரெட்டுகள் புத்தம் புதியவை. மரம் முழுதாக மூடியிருந்தது. மூடியதன்மேல் மெல்லிய சுழிகள், ரேகை ரேகையாக. வெதுவெதுப்பு.

அவள் விரல் பட்ட இடத்தில் அது சிலிர்த்தது. பொடிப்பொடியாக மயிர்க்கால்கள் எழும்பின.