பிளாஸ்டருக்கு அடியில்

எங்கள் ஊர் ஜெர்மனியில் இருக்கும் எம்டன். துறைமுகம் என்பதால் இங்கே வீட்டுக்கு ஒரு கப்பல் கதை உண்டு. என் வகுப்பில் படிக்கும் ஓன்னோ வீட்டுக் கதை கொஞ்சம் பெரியது.

"எங்க கொள்ளுத்தாத்தா போர்ல நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன். பேட்ஜே இருக்கு, தெரியுமா?" என்று மூன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். இப்போது ஐந்தாம் வகுப்பு. கேப்டன் மூழ்கடித்த கப்பல்கள் இரண்டிலிருந்து பதினொன்றாகிவிட்டன.

என் பெயர் வீப்கே. என் அம்மா சனிக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் கடை போடுகிறார். அதனால் ஓன்னோ எனக்கு வைத்த பெயர் 'ஓட்டை உடைசல்'. கடைக்குப் போர்க்கால ராணுவ பேட்ஜுகளும் வரும். எது எந்தப் படையுடையது என்று கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. நாஜிகளின் ஸ்வஸ்திகா இருந்தால் அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டித்தான் வெளியே வைக்க வேண்டும். எங்கள் நாட்டில் அது சட்டம்.

போன வியாழக்கிழமை எல்லோரும் வீட்டிலிருந்து ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து வகுப்பில் பேச வேண்டும் என்று பொப்பிங்கா டீச்சர் சொல்லியிருந்தார். ஓன்னோ கொண்டுவந்தது கேப்டனின் பேட்ஜ். இடைவேளை முடிந்ததும் அவன் முறை.

இடைவேளையில் அவனைச் சுற்றி ஒரே கூட்டம். வட்டமான இலை வளையம். நடுவில் பழுப்பேறிய பிளாஸ்டர். அதன் ஓரத்தில் ஒரு சக்கரத்தின் விளிம்பு எட்டிப் பார்த்தது.

"பாத்தீங்களா? கப்பல் சக்கரம்!" என்றான் ஓன்னோ.

"நடுவுல என்னடா?" என்று கேட்டான் தியார்க்.

"காட்டக்கூடாதது. நாப்பது வருஷம் முன்னாடி கொள்ளுத்தாத்தாவே ஒட்டுனது. எதுக்கு வம்புன்னு அப்புறம் யாரும் பிரிக்கவே இல்ல."

"கொஞ்சம் திருப்பேன்," என்றேன் நான்.

"ஏய் ஓட்டை உடைசல், இது ஒண்ணும் சந்தைச் சாமான் இல்ல." ஆனாலும் திருப்பினான்.

பின்னால் ஊசி இல்லை. மடக்கிவிட்ட சின்னக் கால்களும் கொஞ்சம் சாம்பல் நிறத் துணியும்தான் இருந்தன. நீர்மூழ்கிப் படையினர் பேட்ஜை மார்பில் குத்திக்கொள்வார்கள். அதற்கு நீளமான ஊசி வேண்டும். இது சட்டைக் கையில் தைப்பது. இது ராணுவ வண்டி ஓட்டுபவர்களுக்குக் கொடுத்த பேட்ஜ்!

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னால் போதும், மூன்று வருடப் பெருமையும் புஸ்ஸென்று போய்விடும்.

அப்போதுதான் அவன் மடியில் இருந்த படத்தைப் பார்த்தேன். பதினொரு கப்பல்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வண்ணம் அடித்திருந்தான். அதைப் பார்த்ததும் என் சந்தோஷம் பாதியாகிவிட்டது.

"ஓன்னோ, சைக்கிள் நிறுத்துற இடத்துக்கு வா. தனியா."

அங்கே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்குப் பொறாமை!"

"இருக்கட்டும். நீயே பிளாஸ்டரப் பிரிச்சுப் பாரு."

அவன் தயங்கினான். பிறகு நகத்தால் சுரண்டினான். பழைய பசை லேசில் விடவில்லை. கடைசியில் பிய்ந்து வந்தது. அடியில் ஸ்வஸ்திகா எதுவும் இல்லை. வண்டியின் ஸ்டியரிங் மட்டும் இருந்தது.

"டிரைவரா?" என்றான்.

"ஆமா. ரொம்ப நாள் நல்லா ஓட்டுனதுக்குக் குடுத்தது."

"அப்ப அந்தப் பதினொரு கப்பல்?"

அவன் கண் கலங்கிவிட்டது.

"எல்லாரும் சிரிப்பாங்க, வீப்கே."

"நான் யார்கிட்டயும் சொல்லல. வேணும்னா திரும்ப ஒட்டிக்கோ." பையிலிருந்து பிளாஸ்டர் சுருளை எடுத்துக் கொடுத்தேன். "ஆனா அவரப் பத்தி உனக்கு நிஜமாவே என்ன தெரியும்?"

யோசித்தான். "போருக்கு அப்புறம் ரொட்டிக்கடை வேன் ஓட்டுனாராம். போரப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டாராம்."

மணி அடித்தது.

வகுப்பில் ஓன்னோ எழுந்து நின்றான். கையில் பேட்ஜ் மட்டும் இருந்தது. படம் இல்லை. பேட்ஜில் பிளாஸ்டரும் இல்லை.

"இது கப்பல் பேட்ஜ் இல்ல. எங்க கொள்ளுத்தாத்தா டிரைவர்."

"அப்ப நீர்மூழ்கிக் கப்பல லாரியில ஏத்திட்டுப் போனாரா?" என்றான் தியார்க். வகுப்பே சிரித்தது. நானும்தான், அடக்க முடியவில்லை.

ஓன்னோவின் காது சிவந்தது. ஆனால் அவன் உட்காரவில்லை.

"அடியில ஸ்வஸ்திகா இருக்கும்னு நெனச்சு எங்க வீட்டுல யாருமே பாக்கல. தெரியாததுக்கு ஆளாளுக்கு ஒரு கதை சொன்னாங்க. நானும் நெறைய சேத்துக்கிட்டேன். இன்னிக்குத்தான் பிரிச்சேன்."

"அவர் எங்க ஓட்டுனாரு? வண்டியில என்ன ஏத்திட்டுப் போனாரு?" என்று கேட்டார் டீச்சர்.

"தெரியாது டீச்சர். சாயங்காலம் தாத்தாகிட்ட கேக்கப் போறேன். நல்லதோ கெட்டதோ, நிஜத்தச் சொல்லுங்கன்னு."

யாரும் சிரிக்கவில்லை. தியார்க் மெதுவாகக் கை தூக்கினான்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அதுலயும் பிளாஸ்டர் ஒட்டியிருக்கு."

டீச்சர் பதில் சொல்வதற்குள் ஓன்னோ முந்திக்கொண்டான்.

"நாளைக்குக் கொண்டுவாடா. சேர்ந்து பிரிக்கலாம்."