மெழுகிய மூலை

பேச்சியம்மா காலி செய்து கொடுத்த ஒற்றை அறைக் காம்பராவில் எல்லா இடமும் காய்ந்து கிடந்தது, ஒரு மூலையைத் தவிர. அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு முறம் அகலத்துக்கு, அப்போதுதான் சாணம் மெழுகியதுபோல் தரை ஈரமாக மின்னியது. வீட்டை விட்டுப் போகிறவள் சட்டி பானையைக் கட்டுவாளா, தரை மெழுகிக்கொண்டிருப்பாளா? பூரணிக்கு அது உறுத்தியது. ஆனால் சாமான்களை இறக்கிவைக்கும் அவசரத்தில் உறுத்தலை வளர்த்துக்கொள்ள நேரம் இல்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆனி மழை அது. இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தின் கடைசிக் காம்பராதான் முதலில் பூரணிக்கும் அவள் புருஷன் சின்னராசாவுக்கும் வாய்த்திருந்தது. கூரைத் தகரத்தில் ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துத் தொட்டிலை மாற்றிக் கட்டியே அவளுக்கு அலுத்துப் போயிற்று. தொட்டிலில் கிடந்தவன் அழகன், தலைச்சன் பிள்ளை, இன்னும் குப்புறக்கூட விழாத பச்சைக் குழந்தை. நெஞ்சில் சளி. இரண்டு தரம் இருமுவான், பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். ராத்திரி முழுக்க அதே கணக்கில் அவன் இருமுவதைக் கேட்டுக் கேட்டு, இந்த மழைக்காலம் தாண்டுவானா என்று அவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே கிடந்தாள்.

அப்போதுதான் கீழ் லயத்துப் பேச்சியம்மா, பிள்ளை குட்டி இல்லாத விதவை, கொழுந்து பறிக்கும் மலையில் தானாக அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங் காம்பரா ஒழுகாது தாயி. நான் ஒண்டிக்கட்ட, எங்கன கெடந்தா என்ன. மாத்திக்குவமா?"

இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கணக்கப்பிள்ளையும் சொல்லிவிட்டார். சாவியைக் கையில் வைக்கும்போது பேச்சியம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்த மூலைய மட்டும் தெனமும் மெழுகிரு. ஒருநாக்கூட விட்றாத."

நல்ல காம்பராவைக் கொடுத்து ஒழுகுகிற காம்பராவை யாராவது வாங்குவார்களா என்று பூரணி இழுத்தபோது சின்னராசா சிரித்தான். "தானங் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்குற பாரு நீ."

முதல் சில நாள் மெழுகினாள். பிறகு மழை வலுத்து, மாட்டுப்பட்டியில் சாணமெல்லாம் கரைந்து ஓடியது, மெழுகுவதும் நின்றது. அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம், தூரத்து மலையில் வேலை முடித்து, வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்து ஆயாம்மாவிடமிருந்து அழகனை வாங்கிக்கொண்டு அவள் வீடு வந்தபோது மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. மூக்கடைப்பில் குடிக்க மாட்டாமல் பிள்ளை தூங்கிவிட்டான். பீய்ச்சித்தான் ஆக வேண்டும். தாய்ப்பாலைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது. காலில் மிதிபட்டாலும் அடுப்பில் சிந்தினாலும் மார் வற்றிப்போகும், ஆள் நடக்காத சுவரோரம் பார்த்துத்தான் விட வேண்டும் என்பது லயத்துப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். வெளியே வாசல் திண்ணையான இஸ்தோப்பு முழுக்கச் சேறும் காலடியும். உள்ளே ஆள் மிதிக்காத இடம் ஒன்றுதான் இருந்தது. பூரணி அந்த மூலையில் குந்தி, சுவரடியில் பாலைப் பீய்ச்சி விட்டாள். மண் அதைத் தேங்கவே விடாமல் உறிஞ்சிக்கொண்டது.

மறுநாள் அதே நேரம், அவள் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருக்கும்போது, பால் தானாகச் சுரந்து ரவிக்கையை நனைத்தது. தொட்டிலை எட்டிப் பார்த்தாள். அழகன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். பிள்ளை அழுதால்தான் இப்படிச் சுரக்கும். யார் அழுதது?

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மஞ்சு மலையிலிருந்து இறங்கி லயத்தை மூடுகிற நேரம், பக்கத்துக் காம்பராக்களின் விறகுப் புகையும் கருவாட்டு வாசனையும் தகரத்தின் கீழே வந்து தங்குகிற நேரம், அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு வாசனை எழும்பும், புளித்த பாலும் கிளறிய மண்ணும் கலந்தது போல. அதோடு, மழை தகரத்தை அடிக்கிற சத்தம் கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில், ஈர உதடுகள் எதையோ தேடிச் சப்புக்கொட்டுகிற ஒரு சின்ன ஓசை. அவள் மார்பு சுரக்கும். நிறுத்த முடியாது. சுரந்து முடிந்தபின் அழகனை எடுத்து மடியில் போட்டால் அவன் சப்பிப் பார்த்து, ஒன்றும் வராமல் முகத்தைத் திருப்பி அழுவான். அவன் கன்னம் ஒட்டத் தொடங்கியது. மூலையில் தரை உள்வாங்கத் தொடங்கியது.

புருஷனிடம் சொன்னாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி," என்றான் அவன். "ஒனக்கு ஒடம்புல சத்தில்ல, அதான் பால் பத்தல."

ஒரு மத்தியானம், மழையால் வேலை பாதியில் நின்று எல்லோரும் வீடு திரும்பியபோது, அந்தப் பள்ளம் ஒரு குழந்தையைக் கிடத்துகிற அளவுக்கு ஆகியிருந்தது. தலைப்பக்கம் கொஞ்சம் அகலம். கால்பக்கம் ஒடுக்கம். பூரணி அழகனைத் தூக்கிச் சின்னராசாவின் மடியில் வைத்தாள்.

"எறக்கி விட்றாதீங்க. இந்தா வந்துர்றேன்."

தேயிலைக்கு நடுவே மேல் லயத்துக்கு ஏறினாள். பேச்சியம்மா ஒழுகுகிற காம்பராவில், தண்ணீர் பிடிக்க வைத்த சட்டிகளுக்கு நடுவே சாக்குப் படுதாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல.

"பெரியம்மா, அந்த மூலையில என்ன இருக்கு?"

"மெழுகுறியா?"

"இல்ல. சாணம் கெடைக்கல."

"வேற எதும் செஞ்சியா?"

"பால் கட்டிக்கிச்சு. பீச்சி விட்டேன்."

பேச்சியம்மாவின் கை வாயை மூடிக்கொண்டது.

"எந் தலைச்சன் தாயி," என்றாள். "வெளிய பொதைச்சா தலைச்சன மந்திரவாதி தோண்டிக்கிட்டுப் போயிருவான்னு, நானும் எம் புருஷனும் உள்ளயே வச்சோம். எனக்கு ஒரு சொட்டுப் பால் ஊறல. பசியிலதான் போச்சு. அழும். மெழுகினா அமந்துரும். இம்புட்டு வருஷமா மெழுகி மெழுகித் தூங்க வச்சேன். கை ஓஞ்சு போச்சு."

"தெரிஞ்சேவா என்னய அங்க அனுப்புனீங்க?"

"பால் வாசம் உள்ள வீடுன்னா அழாம கெடக்கும்னு நெனச்சேன். குடிக்கக் குடுப்பேன்னு நெனைக்கல."

பூரணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னைக்கே திரும்ப மாத்திக்குவோம். நீங்க அங்க வந்துருங்க."

"நான் வந்து என்ன செய்ய? பால் குடுத்தவதான் தாயி. அது இனிமே உன்னயத்தான் தேடும்." பேச்சியம்மா சட்டென்று நிமிர்ந்து அவள் வெறும் இடுப்பைப் பார்த்தாள். "உம் புள்ளய எங்க விட்டுட்டு வந்த?"

பூரணி ஓடினாள். மஞ்சில் பாதை தெரியவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் காலைக் கிழித்தன. விழுந்தாள். எழுந்தாள். கீழ் லயத்துப் பீலிக் குழாய்த் தண்ணீரில் சின்னராசா நின்று கை கழுவிக்கொண்டிருந்தான். முழங்கை வரை சேறும் சாணமும்.

"என்னத்துக்கு இப்புடி ஓடியார? அந்த மூலைக் குழிக்கு மண்ணு போட்டு மெழுகிட்டேன். நீதான் பயந்து சாகுறியே."

"புள்ள எங்க?"

"தொட்டில்லதான். போட்டுட்டு மண்ணும் பட்டியில மிச்சமிருந்த சாணமும் அள்ளப் போனேன், வந்து பாத்தா நல்ல தூக்கம். இருமவே இல்ல, போய்ப் பாரேன்."

உள்ளே இருட்டு. அடுப்பில் மட்டும் கொஞ்சம் தணல். பழைய சேலையில் கட்டிய தொட்டில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை இருந்தான். சேலை கனத்துத் தொங்கியது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. கையை நீட்டினாள்.

சேலை அவ்வளவு தாழ்வாக ஒருநாளும் தொங்கியதில்லை.

அப்போது இருமல் கேட்டது. இரண்டு தரம். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல்.

தொட்டிலிலிருந்து அல்ல. மூலையிலிருந்து. மெழுகிய தரைக்கு அடியிலிருந்து.

மண்டியிட்டாள். நகத்தால் பறித்தாள். சாணம். ஈர மண். இன்னும் மண். கீழே இருமல் ஒன்றாகக் குறைந்தது. முனகல் தேய்ந்தது.

அவள் முதுகுக்குப் பின்னால் தொட்டில் கயிறு கிறீச்சிடுவது நின்றது.

ஏதோ மெத்தென்று தரையில் இறங்கியது.

அவளுடைய மார்பு சுரந்தது. இரண்டும். நிற்கவே இல்லை.

சின்னஞ்சிறு உள்ளங்கைகள் தரையில் பட்டுப் பட்டு, அவளை நோக்கி வந்தன. அழகனுக்கு இன்னும் தவழத் தெரியாது.