காலிக் குழாய்

அன்று தட்டல் கீழேயிருந்து வந்தது.

இருட்டியதும் மூன்றாம் மாடி ராய்னா அத்தை கரண்டியால் வெப்பக் குழாயை மூன்று முறை தட்டுவாள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று அர்த்தம். தரைத்தளத்தில் ஓக்னியான் திருப்பித் தட்டுவான். அந்தப் பழைய அடுக்குமாடியில் அண்டை வீட்டாருக்குள் பேச்சு அப்படித்தான். இன்றோ சத்தம் அவன் காலுக்கடியில், யாருமில்லாத நிலவறையில் கேட்டது. இரும்பில் சத்தம் ஏறும் இறங்கும், இதற்கெல்லாமா பயப்படுவது என்று தன்னையே திட்டிக்கொண்டு பதிலுக்குத் தட்டினான்.

வீடுகளைச் சூடாக்க ஊருக்கே குழாய் வழியாக வெந்நீர் அனுப்பும் நிலையத்தில் அவன் பொறியாளன். முகம் தெரியாத யாரோ அங்கிருந்த கணினிகளைப் பூட்டி வெந்நீரை நிறுத்திவிட்டு, திறக்க விலை கேட்டார்கள். மருத்துவமனைக்கு வைத்திருந்த பணத்தை நகராட்சி எடுத்துக் கொடுத்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. வாங்கிக்கொண்டு மறுபடி கேட்டார்கள். பள்ளி மூடியது. நூற்பாலை ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. பிரசவ வார்டைக் காலி செய்தபோது அவன் மனைவி சோர்னிட்சாவும் பச்சைக் குழந்தையோடு குளிர்ந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஆளாளுக்கு மின்சார அடுப்பைப் போட்டதில் மின்சாரமும் போனது. குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க, கட்டிடத்தின் தண்ணீர் முழுவதையும் ஓக்னியானே வடித்துவிட்டிருந்தான்.

அவளுடைய தாய்வீட்டில் விறகடுப்பு உண்டு, போய்விடலாம் என்று கெஞ்சிப் பார்த்தான். நாற்பது நாள் ஆகாமல் பிள்ளை வாசல் தாண்டக் கூடாது, ஒரு படம்கூட எடுக்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள்.

"ஊருக்கெல்லாம் சூடு குடுக்கிறவன் நீ. உன் புள்ளைக்குக் குடுக்க முடியல. என்னைக் குத்தம் சொல்றியா?"

அவனுக்கு அழுகை வந்தது. குழந்தையின் உதடு நீலம் பூத்திருந்தது.

ராய்னா அத்தையிடம் சின்ன எரிவாயு அடுப்பு ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கலாமென்று கைவிளக்கோடு படியேறினான். அணைந்த மெழுகுவர்த்தியின் புகையும் பீப்பாயில் ஊறும் முட்டைக்கோசின் புளிப்பும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து மூக்கில் ஏற, ஒவ்வொரு படிக்கும் சுவருக்குள்ளிருந்து குழாய் தட்டிக்கொண்டே கூட வந்தது. முதல் மாடிக் கதவில் கறுப்புக் கரையிட்ட இரங்கல் தாள். யார் செத்தாலும் படத்தோடு வாசலில் ஒட்டுவது வழக்கம்தான். ஆனால் அடுத்த கதவிலும் ஒன்று இருந்தது. இரண்டாம் மாடியில் எல்லாக் கதவிலும்.

பசை இன்னும் காயவில்லை.

மூன்றாம் மாடித் தாளில் ராய்னா அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றியைக் குழாயில் சாய்த்திருந்தாள். முடியெல்லாம் உறைபனி. செத்துப் பல நாளாகியிருக்க வேண்டும். கரண்டி கையிலேயே இறுகியிருந்தது.

குழாய் தட்டியது. அவள் கை அசையவில்லை.

இத்தனை நாளும் யாருக்குப் பதில் தட்டினேன் என்று குழாயையே பார்த்தான். தட்டலை நிறுத்த அதைக் கையால் பிடித்தான். உள்ளங்கை சுட்டது.

தண்ணீரே இல்லாத குழாய்.

கீழேயிருந்து சோர்னிட்சாவின் குரல், அழுகையும் சிரிப்புமாக.

"ஓக்னியான், சூடு வந்துடுச்சு. பாப்பாவை அதுமேலயே சாய்ச்சு வச்சிருக்கேன். நல்லாத் தூங்குறா."

"தூக்குடி அவளை. குழாயைத் தொட விடாதே."

ஓடினான். படி. இருட்டு. கைவிளக்கு விழுந்து உருண்டது. படி. வெக்கை. எல்லாத் தளத்திலும் தட்டல்.

அவன் வீட்டு வாசல்.

கதவில் ஒரு புதுத் தாள். பசை வழிந்துகொண்டிருந்தது. கறுப்புக் கரைக்குள், யாருமே எடுத்திராத படம். மூடிய கண்கள். நீல உதடு.

உள்ளே குழாயில், பிஞ்சு விரல் தட்டுவதுபோல, மெல்ல மூன்று தட்டல்.

சோர்னிட்சா திருப்பித் தட்டினாள்.