பதினாலாம் தூணின் ஈரம்

சாக்கு காயவில்லை.

மற்ற இருபத்துமூன்று தூண்களில் கான்கிரீட் இறுக நனைத்துச் சுற்றியிருந்த சாக்குகளும் கத்திரி வெயிலின் புழுக்கத்தில் அப்பளம் மாதிரி மொடமொடத்துப் போயிருக்க, பதினாலாம் தூணின் சாக்கு மட்டும் சொதசொதவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஞானராஜ் கையை வைத்துப் பார்த்தான். சில்லென்றது. வெடுக்கென்று எடுத்து முகர்ந்தான். போர்வெல் தண்ணீரின் உப்பு வாடை இல்லை. ஆழத்தில் தோண்டிய கரிசல் மண் பச்சையாக வீசுமே, அந்த வாடை. அதோடு கொஞ்சம் பீடி.

"இன்னைக்கு யாருப்பா தண்ணி விட்டது?" என்று சத்தமாகவே கேட்டான். கேட்ட பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்பது உறைத்தது. சைட்டில் ஒரு ஆள் கிடையாது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் எழும்பிக்கொண்டிருந்த மூன்று மாடி ஜவுளிக்கடை அது. தரைக்குக் கீழே கார் நிறுத்தும் தளம். வெளியே கண் கூசும் மதியம் என்றாலும் இங்கே தூண்களுக்கு நடுவில் மசமசவென்று இருட்டு. ஞானராஜ் இந்த சைட்டின் சூப்பர்வைசர். எந்த ஆள் எங்கே நிற்க வேண்டும், எந்தக் குழியில் எப்போது கான்கிரீட் விழ வேண்டும் என்று சொல்கிற வாய் அவனுடையது. அவன் சொல்லாமல் ஒரு சட்டிக் கலவை நகராது. இருபது வருடமாக அதில் அவனுக்குப் பெருமையும் இருந்தது. பாழாய்ப்போன பெருமை.

நாளைக் காலையில் இந்தத் தளத்துக்குத் தரை கான்கிரீட். மட்டம் பார்க்கத்தான் வந்திருக்கிறான். மனைவி ஈவாவிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான். ஆறு ஞாயிறாக அவன் கோயில் வாசலை மிதிக்கவில்லை. அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். நாளை ஒருநாள் நல்லபடியாகப் போய்விட்டால் போதும். தூண்களின் காலடியெல்லாம் மூடிவிடும். அப்புறம் எவனும் எதையும் பார்க்க முடியாது.

டங்.

கையிலிருந்த டேப் கீழே விழுந்தது. மாடியில் கம்பி ஏதாவது சரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் மேலே அண்ணாந்து பார்க்கவில்லை. சத்தம் மேலேயிருந்து வரவில்லை என்று அவனுக்கே தெரியும்.

கரிசல் மண்ணில் மேலோட்டமாக அஸ்திவாரம் போட்டால் கட்டடம் ஒரே மழையில் வெடித்துவிடும். அதனால் ஒவ்வொரு தூணுக்கும் இருபதடி ஆழம் குழி. தோண்டியது பரளச்சிக்காரன் சின்னச்சாமி. முன்னே கிணறு வெட்டின ஆள். ஆழத்திலிருந்து கத்தினால் மேலே கேட்காது என்று சுத்தியலால் கம்பியில் தட்டித்தான் பேசுவான். ஒரு தட்டு என்றால் மண் வாளியைத் தூக்கு. ரெண்டு தட்டு என்றால் கயித்தை விடு. மூணு தட்டினால் நானே ஏறி வாரேன் என்று அர்த்தம். மேலே கயிற்றைப் பிடிப்பது எப்போதும் அவன் பொண்டாட்டி மாரீஸ்வரிதான்.

ஆறு வாரத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் நரிக்குடியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். கலவை லாரி வந்து நிற்கிறது. பதினாலாம் குழியில் கொஞ்சம் மண் சரிந்து கிடக்கிறது. சின்னச்சாமி தயங்கினான். "கயித்துக்கு ஆள் இல்லையே சார்" என்றான்.

"நான் நிக்கேன்ப்பா. இறங்கு."

அப்படித்தான் சொன்னான் ஞானராஜ். சின்னச்சாமி சிரித்துக்கொண்டே பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டு இறங்கினான். அவன் தலை மறைந்ததும் போன் வந்தது. முதலாளி. ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கண்டபடி திட்டினார். லாரி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஞானராஜ் காதைப் பொத்திக்கொண்டு தள்ளித் தள்ளிப் போனான். டிரைவர் பின்னாலிருந்து, "சார், போடவா?" என்று கத்தினான்.

"விடு, விடு" என்று கையை உதறினான் ஞானராஜ்.

கொஞ்சம் சும்மா விடு, தொந்தரவு பண்ணாதே என்றுதான் சொன்னான். ஆண்டவர் சாட்சியாக அப்படித்தான். டிரைவர் கலவையை விட்டான்.

திரும்பி வந்தபோது குழி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. முளைக்கம்பில் கட்டியிருந்த கயிறு விண்ணென்று இழுபட்டு, சாம்பல் நிறக் கலவைக்குள் இறங்கியிருந்தது. அது ரெண்டு தடவை ஆடியது. ஞானராஜ் வாயைத் திறந்தான். நிறுத்து என்ற ஒரு சொல், அது வரவில்லை. பிறகு கத்தியை எடுத்தான். அறுத்தான்.

எல்லாரிடமும் சின்னச்சாமி கேரளாவுக்குப் போய்விட்டான் என்று சொன்னான். மாரீஸ்வரி நம்பினாளா என்பது தெரியாது. "அவுக வந்தா இங்கதான சார் வருவாக" என்று சொல்லி, தூண்களுக்குத் தண்ணீர் விடும் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள்.

டங்.

இப்போது சந்தேகமே இல்லை. தூணுக்குள்ளிருந்து. கம்பி வழியாக.

"சார்."

சட்டென்று திரும்பினான். சரிவுப் பாதையில் வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி மாரீஸ்வரி நின்றிருந்தாள். முகம் தெரியவில்லை.

"நீ எங்கம்மா இங்க? லீவுல்ல இன்னைக்கு?"

"நாளைக்குத் தரை போட்ருவீகளாம்ல. அதான் வந்தேன்." பக்கத்தில் வந்து சாக்கைத் தடவினாள். "இந்தத் தூணுக்கு நான் தண்ணி விடுறதே இல்ல சார். ஒருநாக்கூட."

அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"அன்னைக்குக் கயித்துக்கு யாரு சார் நின்னா?"

"அவன்... அவன் ஏறி வந்துட்டாம்மா. வந்துதான் போனான்."

"ஏறி வந்தா கயித்தைச் சுத்தி வெச்சிருப்பாக." அவள் முந்தானைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்தாள். "ஷெட்டுல சிமெண்டு மூட்டைக்குப் பின்னால கெடந்துச்சு."

கயிறு. கை வழுக்காமல் இருக்க அவள் பழைய பச்சைச் சேலையைக் கிழித்துச் சுற்றிய அதே கயிறு. ஒரு நுனி கத்தியால் நேராக அறுபட்டிருந்தது. எரித்திருக்க வேண்டும். ஏன் எரிக்கவில்லை? ஒவ்வொரு நாளும் நினைத்தான். ஒவ்வொரு நாளும் கை வரவில்லை.

"மாரீஸ்வரி, நான் சொல்றதக் கேளு..."

அவள் கேட்கவில்லை. தரையிலிருந்து ஒரு ஜல்லிக்கல்லை எடுத்துத் தூணில் ஒரு தட்டுத் தட்டினாள். தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

டங். டங்.

அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் ஞானராஜால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால், மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பான். இவள் சிரிக்கிறாள்.

"கயிறு விடச் சொல்றாக."

அறுபட்ட நுனியைத் தூணின் காலடியில், கல்லாய் இறுகின கான்கிரீட்டின்மேல் வைத்தாள்.

"வேண்டாம்மா. அதை விடு. விடு!"

"விட்டுட்டேன் சார்."

கயிறு இறங்கியது.

கான்கிரீட்டுக்குள். ஒரு முழம். இன்னொரு முழம். அவள் கை வழியாகச் சரசரவென்று, கிணற்றுக்குள் போவது மாதிரி. தரையில் ஓட்டை இல்லை. விரிசல் இல்லை. பத்தடி. பதினைந்து. பச்சைத் துணி சுற்றிய முனை அவள் கைக்கு வந்ததும் நின்றது.

புழுக்கம் போன இடம் தெரியவில்லை. பீடி வாடை. ஈரமண் வாடை. எல்லாத் தூணிலும் சாக்கு நனைந்து சொட்டியது.

டங்.

டங்.

டங்.

"சார், ஒரு கை புடிங்க. ஆள் ஏறுறாக."

"முடியாது."

"நிக்கேன்னு சொன்னீகல்ல?"

அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதைக் கேட்ட ஆள் ஒருவன்தான்.

அவன் கால்கள் தாமாக அவளருகே போயின. கைகள் நீண்டன. கயிற்றைப் பிடித்தான். கனம் இருந்தது. ஒரு ஆளின் கனம். மாரீஸ்வரி இழுத்தாள், அவனும் இழுத்தான். கயிறு நனைந்து வந்தது. சிமெண்டுப் பால் மணிக்கட்டில் வழிந்தது. முழம் முழமாக. விட நினைத்தான். விரல்கள் இறுகியிருந்தன. பார்த்தான். விரல்கள் சாம்பல் நிறம்.

பத்தடி. பதினைந்து. அறுபட்ட நுனி இந்நேரம் வந்திருக்க வேண்டும்.

வந்தது நுனி இல்லை.

முடிச்சு.

அவன் அறுத்த இடத்தில், கீழே போன மிச்சக் கயிற்றை யாரோ சேர்த்து, இறுக்கி, நன்றாகக் கட்டியிருந்தார்கள். அது ஈரமாக அவன் உள்ளங்கையைத் தாண்டி மேலே போனது. அதற்குக் கீழே, தூணின் காலடியில், கயிற்றைப் பிடித்த கைவிரல்கள் நான்கு தெரிந்தன.